விண்கல்லுக்குப் பின் எழுந்த காடு

அமேசான் காட்டைப் பற்றிப் பேசும்போது உலகம் தோன்றிய நாள் முதல் அப்படியே நிற்கும் காடு என்பதுபோல் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. டைனோசர் திரைப்படங்களும் இந்த எண்ணத்தை வளர்த்திருக்கின்றன. பகலிலும் வெயில் நுழையாத காட்டுக்குள் அந்தப் பெருவிலங்குகள் நடமாடுவதாகவே அவை காட்டுகின்றன. தென் அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்தச் சித்திரம் தவறு என்று சொல்லும் அளவுக்கு இப்போது சான்றுகள் சேர்ந்துவிட்டன. வெளிச்சத்தை மறைக்கும் இலைக்கூரையும், பல அடுக்கு மரங்களும், எங்கு பார்த்தாலும் பூக்கும் தாவரங்களுமாக இருக்கும் இன்றைய அமெரிக்க மழைக்காடு, டைனோசர்கள் அழிந்த பிறகு உருவானது. அவற்றை அழித்த அதே விண்கல்தான் இந்தக் காட்டுக்கும் வழி திறந்தது.

இதற்கான சான்று கொலம்பியாவின் நிலக்கரிப் பாறைகளில் இருக்கிறது. தொல்தாவரவியலாளர் மோனிகா கார்வல்யோ, பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் கார்லோஸ் ஹராமியோ ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 2021 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வுக்கு 6,000-க்கும் மேற்பட்ட இலைப் புதைபடிவங்களும் 50,000-க்கும் மேற்பட்ட மகரந்தப் பதிவுகளும் அடிப்படை. இந்த இரண்டும் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மகரந்தத்தின் மேலுறை எளிதில் சிதையாது. பாறையை அமிலத்தில் கரைத்தாலும் தூள் முழுதாகக் கிடைக்கும். காற்றும் ஆறும் அதைத் தொலைவுகளுக்குக் கொண்டுபோவதால், ஒரு வட்டாரத்தில் என்னென்ன செடிகள் இருந்தன, எவை எப்போது மறைந்தன என்பதை அது சொல்லும். இலை அப்படியல்ல, பெரும்பாலும் விழுந்த இடத்துக்கு அருகிலேயே படியும். அந்த மரம் எப்படி வாழ்ந்தது, வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா என்பதை இலையிடம்தான் கேட்க வேண்டும்.

காட்டின் கூரையை ஓர் இலையிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இது. உச்சியில் வெயிலில் காயும் இலைக்கு நீர் நிறைய வேண்டும், அதனால் அதில் நரம்புகள் நெருக்கமாக ஓடும். அடியில் நிழலில் வளரும் இலைக்கு அந்த அவசரம் இல்லை, நரம்புகள் விலகியே இருக்கும். கூரை மூடிய காட்டில் இந்த இரு வகை இலைகளும் ஒரே மண்ணில் உதிர்ந்து கலக்கும். எனவே ஒரே பாறை அடுக்கில் நெருங்கிய நரம்புகளும் விலகிய நரம்புகளும் சேர்ந்து கிடைத்தால் மேலே கூரை இருந்தது என்று பொருள். இரண்டாவது சான்று கார்பன். இயற்கையில் கார்பன்-12, கார்பன்-13 என்று நிலையான இரு வகைகள் உண்டு. அடர்ந்த காட்டின் தரையை ஒட்டிய காற்றில், மட்கும் சருகுகளிலிருந்து வெளிவரும் கரியமில வாயு தேங்கி நிற்கும். அதில் கார்பன்-13 குறைவு. ஒளி குறைந்த இடத்தில் வளரும் இலையும் கார்பன்-13-ஐக் குறைவாகவே சேர்த்துக்கொள்ளும். ஆகவே கூரை மூடிய காட்டில் உச்சி இலைக்கும் அடி இலைக்கும் இடையே கார்பன் விகிதம் வெகுவாக வேறுபடும். திறந்த காட்டில் அந்த வேறுபாடு குறுகிவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இந்த இரு அளவுகளும் கொலம்பிய இலைகளில் ஒரே முடிவைத் தந்தன.

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்த, கொலம்பியாவின் குவாடுவாஸ் பாறைகளின் இலைகள் திறந்த காட்டைக் காட்டுகின்றன. அங்கே பூக்கும் தாவரங்கள் இருந்தன. ஆனால் அவற்றோடு அரவுக்கேரியா குடும்பத்து ஊசியிலை மரங்களும் பெரணிகளும் பெரும் பங்கு வகித்தன. மரங்கள் இடைவெளி விட்டு நின்றதால் வெயில் தரையைத் தொட்டது. இதற்கு வறட்சி காரணமில்லை, அதுவும் மழை மிகுந்த காடுதான். பிறகு, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் யுகாட்டான் கரையில் விண்கல் விழுந்தது. மகரந்தக் கணக்கின்படி கொலம்பியாவின் தாவரப் பன்மை 45 விழுக்காடு சரிந்தது. பழைய அளவை எட்ட ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. அதன்பின் எழுந்த காட்டை வடகொலம்பியாவின் செரெஹோன் திறந்தவெளிச் சுரங்கத்தில் பார்க்கலாம். டைட்டனோபோவா என்ற ஏறக்குறைய 13 மீட்டர் பாம்பின் எலும்புகள் கிடைத்ததும் இங்கேதான். பயறுக் குடும்பமும் பனைக் குடும்பமும் சேம்பு இனங்களும் மலிந்த இந்தக் காட்டின் குடும்பப் பட்டியல் இன்றைய அமேசானின் பட்டியலைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஊசியிலை மரங்களை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். பூச்சிகள் கடித்த தடங்கள்கூட மாறியிருந்தன. முன்பு இன்ன செடிக்கு இன்ன பூச்சி என்றிருந்த உறவு குலைந்து, விண்கல்லுக்குப் பிந்தைய பேலியோசீன் காலத்து இலைகளில் கிடைத்ததைத் தின்னும் பூச்சிகளின் தடங்கள் பரவியிருந்தன.

ஏன் பழைய காடே மீண்டும் முளைக்கவில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் மூன்று விளக்கங்களை வைக்கிறார்கள். பெரிய தாவர உண்ணி டைனோசர்கள் மேய்ந்தும் மிதித்தும் காட்டைத் திறந்து வைத்திருந்தன, அவை போனதும் இடைவெளிகள் மூடின என்பது ஒன்று. விண்கல் கிளப்பிய சாம்பல் சத்தற்ற மண்ணுக்கு உரமாகி, வேகமாக வளரும் பூக்கும் தாவரங்களுக்குக் கை கொடுத்தது என்பது இன்னொன்று. வெப்பமண்டல ஊசியிலை மரங்கள் குறிப்பாக அதிகம் அழிந்து, அவற்றின் இடம் காலியானது என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம். என் கணிப்பில் கடைசி விளக்கம்தான் உறுதியானது, ஏனெனில் அந்த மரங்கள் காணாமல் போனதை மகரந்தமும் இலையும் நேரடியாகக் காட்டுகின்றன. டைனோசர் விளக்கம் கவர்ச்சியானது, சரிபார்க்கத்தான் கடினம். வேர்முடிச்சு பாக்டீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பயறுக் குடும்பம் இந்தக் காலத்தில் பெருகியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வளமான மண் ஒருமுறை கிடைத்த பிறகு அதைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியும் புதிய காட்டிடம் இருந்தது.

இந்த முடிவுக்கு வலுவான மறுப்பு மரபணு ஆய்வுகளிலிருந்து வருகிறது. மழைக்காட்டின் அடித்தளத்தில் நிறைந்திருக்கும் மால்பிகியேல்ஸ் என்ற தாவர வரிசை 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கிளைத்துவிட்டது, ஆகவே மழைக்காடும் அவ்வளவு பழையது என்று 2005-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. பனைகளைப் பற்றியும் இதுபோன்ற கணக்கு உண்டு. அந்தத் தேதிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் குடியிருக்கும் குடும்பங்களின் வயது அந்த ஊரின் வயது ஆகிவிடாது. டி.என்.ஏ. ஒரு வம்சம் எப்போது பிரிந்தது என்று சொல்லும். அந்த வம்சத்து மரங்கள் தோளோடு தோள் நின்று கூரை அமைத்தனவா, திறந்த காட்டில் புதர்களாக ஒதுங்கிக் கிடந்தனவா என்பதை அது சொல்லாது, இலைதான் சொல்லும். மற்றொரு மறுப்பு, ஒரு நாட்டின் பாறைகளை வைத்து உலக மழைக்காடுகள் அனைத்துக்கும் வரலாறு எழுதலாமா என்பது. எழுதக் கூடாது. கொலம்பியச் சான்று அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு மட்டுமே பேசும்.

பேரழிவிலிருந்தே இவ்வளவு வளம் பிறந்தது என்றால் இன்றைய காடழிப்புக்கு ஏன் கலங்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆய்வைப் படித்துவிட்டு அப்படிக் கேட்பது எனக்கு வேதனை தருகிறது. நம் இனம் பூமியில் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. கொலம்பியக் காடு இழந்த பன்மையை மீட்க எடுத்துக்கொண்ட காலம் அதைப்போல் இருபது மடங்கு. அவ்வளவு காத்திருந்தும் திரும்பி வந்தது பழைய காடு இல்லை. ஊசியிலை மரங்கள் அந்தத் தாழ்நிலத்தில் தங்கள் பழைய இடத்தை இன்றுவரை மீட்கவில்லை.

ஆசியாவின் கதை வேறு பாதையில் போகிறது, அதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் போர்னியோவிலும் ஓங்கி நிற்கும் குங்கிலிய மரக் குடும்பத்தின் மகரந்தம் கிரெட்டேசியஸ் இறுதிக்கால இந்தியப் பாறைகளிலேயே இருப்பதை, லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மஹி பன்சலும் மற்றவர்களும் 2022-இல் காட்டினார்கள். ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்தக் குடும்பம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறி, தக்காணத்தின் எரிமலைக் குழம்புப் பெருக்கையும் விண்கல்லையும் தாண்டிப் பிழைத்து, இந்தியா ஆசியாவோடு மோதிய பிறகு கிழக்கே பரவியது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் 5 கோடி ஆண்டுப் பழைய ஆம்பர் இந்த மரங்களின் பிசின்தான். அப்படியானால் அன்றைக்கு இங்கே குங்கிலிய மரக்காடு இருந்தது உறுதி. அந்த மரங்கள் விண்கல்லுக்கு முன்பும் கூரை மூடி நின்றனவா, கொலம்பியாவைப் போலப் பிறகுதான் நெருங்கினவா என்பதை மகரந்தத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. நரம்பு அடர்த்தியையும் கார்பன் விகிதத்தையும் அளக்கும் அளவுக்குச் சிதையாத இலைகள் அதே காலத்து இந்தியப் பாறைகளிலிருந்து, ஆயிரக்கணக்கில், வர வேண்டும்.