ஒரு பதிவும் நூறு ஏச்சும்

கடந்த ஒக்டோபரில் பேஸ்புக்கில் எட்டு வரி எழுதினேன். எங்கள் ஊர் பெரியமடு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மாவின் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. நாங்கள் மீண்டும் வந்துவிட்டோம். மாமாமார் இன்னும் அங்கேதான், ஆனால் அவர்களுடைய வாக்கு மன்னாரில். தேர்தல் வந்தால் இரவோடிரவாக பஸ் ஏறி வந்து வாக்களித்துவிட்டுத் திரும்புவார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் அன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிவந்த பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடும் கல்லெறியும் நடந்தன. அல்லாஹ் காப்பாற்றினான், யாருக்கும் காயமில்லை. இருக்கும் இடத்திலிருந்தே சொந்த ஊருக்கான வாக்கைப் போட வழி செய்யக்கூடாதா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

முதல் ஒரு மணித்தியாலம் தோழிகளின் லைக் மட்டும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு முகம் தெரியாத கணக்குகள் வந்தன. ஒருவர் சவூதிக்குப் போகச் சொன்னார். இன்னொருவர் மன்னார் உங்களுடையதா என்று கேட்டார். இவையெல்லாம் வெளியாட்களின் பேச்சு என்று தள்ளிவிட்டேன். அழ வைத்தது எங்கள் ஆட்களின் பேச்சு. “பொம்பளப் பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?”, “வாப்பா இல்லையா வீட்டில?” பிறகு ஒருவர் என் புரொபைல் படத்தை வெட்டி, இங்கே எழுத முடியாத வார்த்தை ஒன்றைச் சேர்த்து வட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டார். காலையில் அது உம்மாவின் போனுக்கே வந்துவிட்டது. பதிவில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இது ஏன் இப்படிப் பரவுகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை பேஸ்புக்கில் ஒரு கணிப்பொறிக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. யாராவது எழுதினாலோ, முகக்குறி போட்டாலோ அது இன்னும் பலருக்குப் போகும். 2017 முதல் சில காலம் கோப முகக்குறி ஒன்றுக்கு லைக்கை விட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்திருந்தார்கள் என்பது 2021இல் வெளியான அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. திட்டுபவர் தன்னை அறியாமலே நம் பதிவைத் தூக்கி அடுத்த திட்டுபவரின் கையில் கொடுக்கிறார். பதிலுக்கு நாம் திட்டினாலும் அதே கதைதான். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக்கையே சில நாட்கள் முடக்கியது. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

என் கதை சின்னக் கதை. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராஸிக்கின் கதையை எங்கள் பெற்றோர் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கொரோனா காலத்தில், ஜனாஸாக்களை எரிப்பது பற்றி நாடு கொதித்துக்கொண்டிருந்த 2020 ஏப்ரல் 2ஆம் திகதி, அவர் சிங்களத்தில் ஒரு பதிவு எழுதினார். வெறுப்புப் பேச்சுக்கு எதிராகச் சிந்தனையால் ஜிஹாத் செய்ய வேண்டும், ஆயுதம் பேனாவும் கீபோர்டும் என்பதே அதன் சாரம். ஜிஹாத் என்றால் பாடுபடுதல் என்று நமக்குத் தெரியும். படித்தவர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கொலை மிரட்டல்கள் குவிந்தன. இனி இதைப்பற்றி எழுதமாட்டேன் என்றுகூட அவர் அறிவித்தார். ஏப்ரல் 9ஆம் திகதி மிரட்டல் பற்றிப் பொலிஸுக்கு முறையிட்டார். அன்றே அவர்தான் கைதானார்.

மிரட்டியவர்களை விட்டுவிட்டு முறையிட்டவரைப் பிடித்தது எப்படி? அவர்மேல் பயன்பட்டவற்றில் ஒன்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்த சட்டம்தான், ஆனால் அதன் 3ஆம் பிரிவில் கைதானவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்க வேண்டும். அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்து, செப்டெம்பர் 17ஆம் திகதிதான் பிணையில் வந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு நல்லது. அதற்கு மூன்றரை வருடம் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

அது வெளியிலிருந்து வந்த தாக்குதல். உள்ளிருந்து வந்ததற்கு ஏறாவூர் எழுத்தாளர் ஷர்மிளா செய்யித். ‘உம்மத்’ நாவலை எழுதியவர். 2012இல் பிபிசி தமிழோசையில் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பற்றிக் கேட்டபோது, அப்பெண்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற கருத்தைச் சொன்னார். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு வந்தது மறுப்பு அல்ல. வசையும் மிரட்டலும் வந்தன, அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. 2015 மார்ச்சில் அவர் கெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டுவிட்டார் என்று பொய்ச் செய்தியைப் படத்தோடு சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். அவர் உயிரோடுதான் இருந்தார். பட்டப்பெயர் சூட்டாதீர்கள், வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதுகிற சமூகம் நாம். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை மனனமிட்டவர்களோ!

தோழிகளே, இனிச் செய்ய வேண்டியது. ஏச்சு வந்தவுடன் அழித்துவிடத்தான் கை போகும், நானும் பாதியை அழித்துவிட்டேன், அது பிழை. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், திகதி, நேரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் லிங்க்கையும் எழுதி வையுங்கள், பெயரை அவர்கள் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். பிறகுதான் ரிப்போர்ட், பிறகு புளொக். படத்தைத் திரித்தாலோ பாலியல் வார்த்தையால் தொந்தரவு செய்தாலோ அது குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. பெண்களுக்கு 1938, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 1929 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஒருவரின் தனிப்பட்ட விபரத்தைத் தொந்தரவுக்காக வெளியிடுவது அதில் குற்றம். ஆனால் ‘பொய்க் கூற்று’ என்பதற்கு அது கொடுக்கும் இடம் பெரிது, பேசுகிறவர் மேலேயே திரும்பலாம் என்று சட்டத்தரணிகள் பலர் எதிர்த்தார்கள். ரம்ஸி ராஸிக்கின் கதையைப் படித்த பிறகு அந்தப் பயம் எனக்கும் உண்டு.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் வந்த காலையில் உம்மா என் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்று எனக்கு ஏச்சை விட அதுதான் தண்டனையாக இருந்தது, ஏனென்றால் பிழை செய்தது நான் என்று வீடே சொன்னது போல இருந்தது. இனி ஏதும் நடந்தால் உம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். வாப்பா குளத்து வயலிலிருந்து வந்ததும் பதிவைக் காட்டச் சொன்னார். இரண்டு தரம் வாசித்தார். “இதுல என்ன பிழை?” என்று உம்மாவிடம் கேட்டார். போன் வெளியே வந்தது.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். சிங்களத்தில் அதை எப்படி வாசிப்பார்கள் என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும். இந்த ஒக்டோபருக்கான பதிவை எழுதிவிட்டேன். சிங்கள ஆசிரியை ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தந்திருக்கிறார். அதை மாற்றுவதா விடுவதா என்று வாப்பாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.