எஃப் கார்டுக்கு எவ்வளவு பலம் வேண்டும்?

டீ ஆறட்டும் தம்பி, அவசரமில்லை. கிதாரில் எஃப் கார்டு பிடித்தால் பாதிக் கம்பி பேசவில்லை, விரலில் பலம் போதவில்லை என்கிறாய். ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம் ஷிப்ட் பார்க்கிற கைக்கா பலமில்லை? விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலிலேயே இல்லை, முன்கையில் இருக்கின்றன. உன் முன்கை வேண்டிய மட்டும் உழைத்தாயிற்று. பிரச்சினை வேறு.

முதலில் இடம். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே அழுத்தாதே. பாலத்தின் பக்கம் இருக்கிற ஃபிரெட்டை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் வை. பாதி அழுத்தத்திலேயே கம்பி பேசும். பிறகு அளவு. ஒரு சுரத்தை மீட்டிக்கொண்டே விரலை மெல்லத் தளர்த்து. கம்பி இரைய ஆரம்பிக்கும். அதற்கு ஒரு துளி மேலே அழுத்தினால் போதும். டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்றதும் நீ நிறுத்துவாயே, அப்படி. அதற்கு மேல் தருவதெல்லாம் வீண்.

எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும் என்று நினைக்கிறாய். உண்மையில் அதற்குரியவை மூன்றே: ஆறாவது, இரண்டாவது, முதலாவது. மற்ற மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே சாய், எலும்போரம் படட்டும். கட்டைவிரலால் நசுக்காமல், முழங்கையின் எடையால் பின்னுக்கு இழு. அதே பிடியை ஐந்தாவது ஃபிரெட்டில் வை, ஏ கார்டு வரும். அங்கே பழகிவிட்டு ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வா. முதல் ஃபிரெட்தான் இருப்பதிலேயே கடினம்.

விரலில் குறை இருந்தும் வாசித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகட்டு ஆலையில் வேலை பார்த்தவர் கிதார் கலைஞர் டோனி அயோமி. 1965-இல், பதினேழு வயதில், அங்கே வேலையின் கடைசி நாளன்று பிரஸ்ஸில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் கம்பி அழுத்துவது அந்த வலக்கைதான். வாசிப்பு முடிந்தது என்று உட்கார்ந்தவருக்கு ஆலை ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டார். அதில் கிதார் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928 தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கியவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய கம்பி மாட்டினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் இசைக்குழுவின் கனத்த ஒலி அப்படித்தான் பிறந்தது. (நல்ல ஃபோர்மேன் எல்லா ஊரிலும் இருக்கிறார் போலிருக்கிறது.)

அவர் கணக்கு உனக்கும் ஆகும். அரைச் சுரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அள, 2.5 மில்லிமீட்டருக்கு வெகுவாக மேலே இருந்தால், குற்றம் உன் விரலில் இல்லை, கிதாரில். செட்டப் செய்யக் கொடு.

நைட் ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு மணி நேரம் உட்காராதே, பத்து நிமிஷம் போதும். விரல் நுனி எரிவது சகஜம். மணிக்கட்டு வலித்தாலோ கை மரத்தாலோ அன்றைக்கு கிதாரை உறையில் போடு. வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்.