மேற்கு வெயிலை மடக்கிய சுவர்

மாலை 5 மணிக்கு மேற்குப் பார்த்த ஜன்னலின் அருகே நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை ஜன்னலின் மேல் விளிம்பில் கூரைபோலப் படுக்கையாகப் பிடியுங்கள். வெயில் அதன் அடியில் புகுந்து உங்கள் முகத்தில் விழும். இப்பொழுது அதையே செங்குத்தாக நிறுத்தி, சூரியனுக்கு நேராகத் திருப்புங்கள். முகத்துக்கு நிழல் கிடைத்துவிடும்!

காரணம் எளிது. நடுப்பகலில் சூரியன் உயரத்தில் இருக்கிறது. மேலே நீட்டிய ஒரு பலகையே போதும். மாலையிலோ அது தாழ்ந்து, கிட்டத்தட்டப் படுக்கையாகக் கதிர்களை அனுப்புகிறது.

இந்தச் சிறு உண்மையைப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் பெரும் விலை கொடுத்தே கற்றார். அவர் பெயர் லெ கார்பூசியே. பாரிஸ் நகரில் இரட்சணிய சேனைக்காக, வீடற்ற ஏழைகள் தங்கும் விடுதி ஒன்றைக் கட்டினார். தெற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி, திறக்கவே முடியாது. 1933 டிசம்பரில் திறப்பு விழா. குளிர்காலத்தில் உள்ளே இதமாக இருந்தது. கோடை வந்ததும் விடுதி அடுப்பாயிற்று. காற்றைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்குப் பணம் போதாமல் அதை வைக்காமலே விட்டிருந்தார்கள். தவித்தவர்கள் அங்கே தங்கிய ஏழைகளும் குழந்தைகளும்தான்.

கண்ணாடி ஏன் அடுப்பாகிறது? சூரிய ஒளி அதன் வழியே உள்ளே வந்து தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. சூடான தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களையோ கண்ணாடி வெளியே விடுவதில்லை. ஆகவே உள்ளே திரை போடுவது, திருடன் நுழைந்தபின் கதவைச் சாத்துவது போலத்தான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்த விடுதியைப் பழுதுபார்த்தபோது, கண்ணாடிக்கு முன்னால் வெயில் தடுப்புகளை அமைத்தார்கள்.

அதே கலைஞர் 1954இல் ஆமதாபாத்தில் ஆலை அதிபர்கள் சங்கத்துக்குக் கட்டிய கட்டடத்தைப் பாருங்கள். வடக்கிலும் தெற்கிலும் அநேகமாக ஜன்னலே இல்லாத செங்கல் சுவர்கள். தெருவை நோக்கிய மேற்கு முகத்தில் செங்குத்தான கான்கிரீட் பலகைகள் சாய்வாக நிற்கின்றன. உங்கள் நோட்டுப் புத்தகம் செய்த வேலையை அவை செய்கின்றன. கிழக்கே சபர்மதி ஆறு. அங்கே பலகைகள் சாய்வின்றி நேராக நிற்பதால் ஆறும் தெரிகிறது, காற்றும் வருகிறது. காற்று வீசும் திசையைப் பார்த்தே கட்டடத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்!

இதிலும் ஒரு குறை உண்டு. தடித்த கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தைச் சேமித்து, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல வெளியிடும். வெயிலில் காய்ந்த மொட்டைமாடி, இரவு 8 மணிக்கும் காலைச் சுடுகிறதல்லவா, அதே போலத்தான்.