வாசகசாலையில் சிறுவர் பொழுது

கிராம வாசகசாலைகள் பலவற்றில் சிறுவர் புஸ்தகங்கள் இருந்தும், பிள்ளைகள் கிழித்துவிடுவார்களென்று அஞ்சி அவற்றை அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். புஸ்தகங்கள் புத்தம் புதியனவாகவே இருக்கின்றன. வாசிப்போர்தாம் உண்டாவதில்லை.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-ல் முதல் வகுப்பிலிருந்த நூறு பிள்ளைகளில் 1925-26-ல் நான்காம் வகுப்பை எட்டியோர் 18 பேரே என்று 1929-ல் ஹார்ட்டாக் கமிட்டியார் கணக்கிட்டனர். எழுத்தறியாமல் பள்ளியை விட்டவர்களும், அறிந்த எழுத்தை வாசிக்க ஒன்றுமின்றி மறந்தவர்களும் வளர்ந்து நாணய சங்கங்களில் சேர்ந்தபோது, கடன் பத்திரத்தில் கண்டிருப்பது இன்னதென்று தெரியாமலே பெருவிரல் ரேகை வைத்தனர். பாடபுஸ்தகம் பரீக்ஷையோடு மூடப்படுவது. விளையாட்டாய் வாசித்துப் பழகிய பிள்ளைக்கோ எழுத்து எளிதில் மறவாது.

வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் போதும். கதை சொல்பவர் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். படங்களைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். சுவையான கட்டத்தில் நிறுத்தி, "மீதி இதில் இருக்கிறது, யார் எடுத்துப் போகிறீர்கள்?" என்று கேட்டால், அப்புஸ்தகத்துக்குப் போட்டியே வந்துவிடும். உபாத்தியாயரையே இதற்கும் நம்பியிருத்தலாகாது; நாள் முழுதும் பாடஞ் சொன்னவருக்கு ஓய்வு வேண்டாமா? கதை சொல்லவல்ல பாட்டிமார் ஊர்தோறும் உண்டு. எழுத்தறியாத பாட்டி சொல்லும் கதையைப் பெரிய பிள்ளையொருவன் எழுத, சிறியவர்கள் படம் வரைய, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் அதுவும் அலமாரியில் வைக்கத்தக்க புஸ்தகமே. மற்றொரு வாரம் விடுகதைப் போட்டி வைக்கலாம். விடையை வாயாற் சொல்லாமல் சீட்டில் எழுதித் தரச் செய்க. நரியாகவும் காகமாகவும் வேஷங்கட்டி நடிப்பதற்குக் காகிதமும் கரியும் போதும்.

புஸ்தகம் வழங்கும் ரிஜிஸ்தரை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே முறைவைத்து எழுதட்டும். பற்று வரவு இன்னதென்பது அவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும். தலைவர் பிரசங்கம் மட்டும் வேண்டாம். அது தொடங்கினால் பிள்ளைகள் கிட்டிப்புள்ளுக்குப் போய்விடுவர், போவதும் நியாயமே.

இடத்தைப் பற்றி அங்கத்தினர்கள் முன்னதாகவே யோசிக்க வேண்டும். ஒருவர் வீட்டுத் திண்ணையாயின் சேரிப் பிள்ளைகள் தெருவிலேயே நின்றுவிடுவர். பாடசாலையோ சங்கக் கட்டடமோதான் தக்கது; எல்லாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பெண்குழந்தைகள் அக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வரட்டும். சிறிது சத்தம் இருக்கும், இருந்தால் என்ன?

1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அத்துணைப் பெருமுயற்சி இதற்கு வேண்டியதில்லை. 1948-ம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஆகையால் கிளை நூலகத்தாரிடம் சிறுவர் புஸ்தகங்கள் கேட்பது யாசகமன்று. பாய்க்கும் காகிதத்துக்கும் உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொது நன்மை நிதியிலிருந்து கொடுக்க நிர்வாகக் கமிட்டி தீர்மானிக்கலாம். கிழியும் புஸ்தகங்களுக்கென்று ஒரு சிறு தொகையையும் அதே தீர்மானத்தில் ஒதுக்கிவிட்டால், அலமாரிச் சாவியை வைத்திருப்பவருக்கும் அச்சம் நீங்கும்.