ஏற்காட்டுக் காப்பி: ஆதாயம் நிலத்துக்கு, இழப்பு உழைப்புக்கு

சேர்வராயன் மலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் குகைக்கோயில். அதைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பித் தோட்டங்கள் விரிகின்றன. அந்தக் காப்பியின் விலையை ஏற்காடு தீர்மானிப்பதில்லை. அராபிகாவுக்கு நியூயார்க்கும் ரோபஸ்டாவுக்கு லண்டனும் விலை வகுக்கின்றன. உலகச் சந்தைக்குத் திறந்திருந்தும் அதன் விலையை அசைக்க வலிமையற்ற நாட்டைப் பொருளியலார் 'சிறிய திறந்த பொருளாதாரம்' என்பர். ஏற்காடு ஒரு நாடன்று. எனினும் அதன் நிலை அதுவே.

இந்நிலை 1991க்குப் பின் வந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் புகுத்தினார். மலையாளிப் பழங்குடியினரின் வாழ்விடத்தில் எஸ்டேட்டுகள் எழுந்தன. விடுதலைக்குப் பின் வந்த 1961ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம், அன்றிருந்த காப்பித் தோட்டங்களுக்கு விலக்களித்தது. நிலம் உரியவர்களிடமே நின்றது. பழங்குடியினரும் தலித்துகளும் கூலிகளாகவே நின்றனர்.

1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி, விளைச்சல் முழுவதையும் காப்பி வாரியமே பெற்று விற்றது. பணம் தாமதமாக, தவணைகளில் வந்தது. ஆனால் உலகச் சந்தையின் அதிர்ச்சி நேராகத் தாக்கவில்லை. 1989இல் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதி ஒதுக்கீடு முறை சரிந்தது. 1996இல் இந்தியாவில் எல்லா உரிமையாளர்களும் விருப்பம்போல் விற்கும் உரிமை பெற்றனர்.

இதில் ஆதாயம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 1994இல் பிரேசிலில் உறைபனி தாக்கியபோதும், 2025 பிப்ரவரியில் அராபிகா விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைக் கடந்தபோதும், சரக்கு கையிலிருந்தோர் பயன்பெற்றனர். வியட்நாமின் விளைச்சல் பெருகி 2001இல் உலக விலை அடியோடு வீழ்ந்தபோது அவர்களே இழந்தனர்.

தொழிலாளரின் கணக்கு வேறு. விலை ஏறினால் கூலி அதனோடு ஏறுவதில்லை. விலை வீழ்ந்தால் களையெடுப்பும் கவாத்தும் உரமிடலும் குறைக்கப்படுகின்றன, வேலைநாட்கள் கரைகின்றன.

அரசு வாளாவிருக்கவில்லை. 2003இல் விலை நிலைப்படுத்தல் நிதியை அமைத்தது. அதன் விலை ஈடு 4 ஹெக்டேர் வரை நிலமுள்ள சிறு விவசாயிகளுக்கானதாக இருந்தது. 2010இல் சிறு காப்பி விவசாயிகளுக்குக் கடன் நிவாரணம் அறிவித்தது. காப்பித் தோட்ட நிழல் மரங்களில் படரும் மிளகைக் காக்க, 2017இல் கிலோவுக்கு 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. இவை தேவையானவையே. ஆனால் மூன்றும் நிலத்தின் வழியாகவே மனிதரை அடைந்தன. நிலமற்றவர் இழந்த வேலைநாளுக்கு இவற்றில் ஈடு இருக்கவில்லை.

தொழிலாளருக்கென இருந்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை அது உரிமையாக்கியது. எனினும் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் அதன் பொதுவான வரம்பு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தை உள்வாங்கிக்கொண்டது. 5 ஹெக்டேர் வரையறை அதிலும் தொடர்கிறது. சிறு தோட்டத்தில், மேஸ்திரி வழியே வந்து பழம் பறிக்கும் பெண் இவ்வரையறைக்கு வெளியே நிற்கிறார். வழக்காட வந்தால் முதலில் எழும் கேள்வி, அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பதே.

உலகமயமாக்கலே ஒரு கருவியையும் தந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்பு விதிகள், காப்பி விளைந்த இடத்தின் புவியமைவைக் கேட்கின்றன. விளைந்த நாட்டின் தொழிலாளர் உரிமைச் சட்டங்கள் பின்பற்றப்பட்டனவா என்றும் கேட்கின்றன. நடைமுறைப்படுத்தல் ஒத்திவைக்கப்பட்டு வந்தாலும், தொழிற்சங்கங்கள் இக்கேள்வியை இப்போதே கையிலெடுக்கலாம்.

நம் கோரிக்கைகள் மூன்று. விலை வீழ்ச்சிக்கான நிதி, இழந்த வேலைநாட்களுக்கும் ஈடளிக்க வேண்டும். மானியம் பெறும் தோட்டம் கூலிப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். சட்டப் பாதுகாப்பு ஹெக்டேரால் அளக்கப்படாமல், உழைக்கும் ஒவ்வொருவரையும் சேர வேண்டும். நியூயார்க் விலையை ஏற்காடு மாற்ற இயலாது. அதன் சுமையை யார் தாங்குவது என்பதைச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் மாற்ற இயலும்.