கனவான்களின் வாக்கும் விமானத்தின் கதவும்

ஆகாய விமானத்தில் ஏறி உட்காருகிறவர் எவரும் தமது காலடியிலுள்ள தளத்தைப் பற்றி யோசிப்பதில்லை. என்ஜினையும் இறக்கையையும் விமானியின் திறமையையும் பற்றியே கவலை கொள்கிறோம். ஆயினும் உலக விமானச் சரித்திரத்தின் மிகக் கொடிய விபத்துக்களுள் ஒன்று, அந்தத் தளம் காற்றின் பளுவைத் தாங்காமல் மடிந்ததனால் நேர்ந்தது. அது எதிர்பாராமல் வந்த துன்பமன்று. ஏறக்குறைய 21 மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது. பரிகாரமும் எழுத்தில் கூறப்பட்டிருந்தது. அதைச் சட்டபூர்வமான உத்தரவாக்கக் கடமைப்பட்டிருந்தவர்களோ இரண்டு கனவான்களுக்குள் நடந்த வாய்வார்த்தையாக அதை விட்டுவிட்டார்கள்.

விஷயம் விளங்க வேண்டுமானால் காற்றின் கதையை முதலில் அறிய வேண்டும். 35,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நாலில் ஒரு பங்கு கூட இராது. அங்கே மனிதன் துணையின்றி இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் செயலறிவை இழப்பான். ஆகையால் பெரும்பாலான விமானங்களில், என்ஜினில் அமுக்கப்படும் காற்றில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துக் குளிர்வித்து உள்ளே செலுத்துகிறார்கள். வெளியேறும் காற்றின் அளவை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருப்பவருக்கு 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு மேற்பட்ட சிரமம் உண்டாகலாகாது என்பது விதி. இதனால் விமானத்தின் உடல் காற்றடைத்த தோற்பையைப் போல் ஆகிவிடுகிறது. உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வித்தியாசம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 ராத்தல். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் 1,000 ராத்தலுக்கும் அதிகம். இந்தப் பளுவைத்தான் ஒவ்வொரு கதவும் இரவு பகலாகத் தாங்கி நிற்கிறது.

மேலே ஜனங்கள், கீழே சாமான்கள், நடுவே தளம். இரண்டு அறைகளிலும் அழுத்தம் சமமாயிருக்கும் வரையில் தளத்துக்கு ஒரு தொல்லையுமில்லை. கீழறையின் கதவு பிய்த்துக்கொண்டு போனால், அங்குள்ள காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியேறிவிடும். மேலறைக் காற்றுக்குப் போக வழியிராது. அது முழுப் பலத்துடன் தளத்தை அழுத்தும். அமெரிக்காவில் மக்டனல் டக்ளஸ் கம்பெனியார் செய்த டி.ஸி.10 விமானத்தில், வாற்பக்கத்தை இயக்கும் கம்பிகளும் எண்ணெய்க் குழாய்களும் அந்தத் தளத்தின் அடியிலேயே சென்றன. தளம் மடிந்தால் விமானத்தின் நரம்புகளே அறுந்தன என்று பொருள். காற்று மேலிருந்து கீழே விரைந்து பாயப் போதிய துவாரங்கள் வைத்திருந்தால் தளத்துக்கு அந்தக் கதி நேராது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. பானையின் மூடியில் ஆவி போக வழி விடுகிற சமையற்காரருக்கும் தெரிந்த நியாயம்தான்.

கதவின் சங்கதியும் அப்படியே. பிரயாணிகளுக்கான கதவுகளைப் பெரும்பாலும் தக்கையைப் போல் உட்புறமிருந்து பொருந்தும்படி அமைப்பார்கள். காற்றின் அழுத்தமே அவற்றை மூடி வைக்கும். சாமான் கதவு உள்ளே திறந்தால் இடம் வீணாகும் என்று கருதி, அதை வெளிப்புறம் திறக்கும்படி செய்தார்கள். அப்போது காற்று காவலனல்ல, பகைவன். தாழ்கள் முழுவதும் விழாத போதே, வெளியிலுள்ள கைப்பிடியைப் பலமாக அழுத்தினால் மூடியது போலத் தோன்றும் குறை அந்தக் கதவில் இருந்தது. 1970-ல் தொழிற்சாலையில் காற்றேற்றிச் சோதித்த போதே கதவு பறந்தது, தளமும் மடிந்தது.

1972 ஜூன் 12-ந் தேதி, டெட்ராயிட் நகரிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் கானடாவிலுள்ள வின்ஸர் நகரின் மேலே சென்றபோது அதே கதவு பறந்தது. தளம் ஒரு பகுதி இடிந்தது. கம்பிகள் சில அறுந்தன. பிரைஸ் மக்கார்மிக் என்ற தலைமை விமானி, என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே இருந்த 67 பேரும் பிழைத்தனர். அமெரிக்க விபத்து விசாரணை போர்டார் தாமதிக்கவில்லை. தாழ் முற்றும் விழாமல் கைப்பிடி மூடவே முடியாதபடி கதவைத் திருத்துங்கள். தளத்தில் காற்றுப் போகத் துவாரம் வையுங்கள் என்று இரண்டு யோசனைகளைக் கூறினர்.

யோசனை கூறுவதோடு போர்டாரின் அதிகாரம் முடிந்தது. கட்டளையிடும் அதிகாரம் விமானத் துறை நிர்வாகியிடம் இருந்தது. அந்தப் பதவியில் இருந்த ஜான் ஷாபர் என்பார், டக்ளஸ் பிரிவின் தலைவரான ஜாக்ஸன் மக்கவனுடன் பேசி, உத்தரவு வேண்டாம், கம்பெனியாரே தமது வழக்கப்படி சுற்றறிக்கை மூலம் திருத்திக்கொள்வார்கள் என்று முடிவு செய்தார். கனவான்களின் ஒப்பந்தம் என்று பிற்காலத்தில் அது பெயர் பெற்றது. கோர்ட்டில் பழகியவர்களுக்கு இதன் பேதம் நன்கு தெரியும். உத்தரவை மீறினால் விமானம் பறக்க முடியாது. சுற்றறிக்கையை மீறினால் என்ன? ஒன்றுமில்லை. தளத்துக்குத் துவாரம் என்ற இரண்டாவது யோசனையோ அந்தப் பேச்சில் கைவிடப்பட்டது.

வின்ஸர் சம்பவம் நடந்து 15-ம் நாள், விமானத்தின் உடலைச் செய்து கொடுத்த கான்வேர் கம்பெனியின் தலைமை இஞ்சினீயர்களுள் ஒருவரான டான் ஆப்பிள்கேட் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வரும் 20 வருஷங்களில் இந்தக் கதவுகள் மீண்டும் திறக்கும். திறந்தால் பெரும்பாலும் விமானமே அழியும் என்பது அதன் சாரம். மேலதிகாரிகள் அவர் கூற்றைப் பொய் என்று சொல்லவில்லை. இதை நாம் கிளப்பினால் திருத்தச் செலவு நம் தலையில் விழும் என்று கணக்குப் பார்த்து, காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள். நமக்கு விபத்தைவிட இந்த மடிப்பே அதிகப் பயங்கரமாகத் தோன்றுகிறது.

1974 மார்ச் 3-ந் தேதி, துருக்கி தேசத்து விமானம் ஒன்று இஸ்தான்புலிலிருந்து வந்து, பாரிஸ் அருகே ஓர்லியில் தங்கி லண்டனுக்குக் கிளம்பியது. லண்டன் விமானங்கள் சில வேலைநிறுத்தத்தால் நின்றிருந்தபடியால் பிரிட்டிஷ்காரர் பலர் அதில் ஏறியிருந்தார்கள். சில நிமிஷங்களில் கதவு பறந்தது. தளம் மடிந்தது. ஆறு பேர் ஆசனங்களோடு வெளியே வீசப்பட்டனர். ஒன்றரை நிமிஷத்துக்குள் விமானம் அர்மனோன்வீல் காட்டில் விழுந்து சிதறியது. மாண்டவர் 346 பேர், பிழைத்தவர் ஒருவருமில்லை.

அந்தக் கதவில் திருத்தம் செய்யப்பட்டதாகத் தொழிற்சாலைத் தஸ்தாவேஜுகளில் பரிசோதகர்களின் முத்திரை விழுந்திருந்தது. திருத்தமோ செய்யப்படவில்லை. கதவை மூடிய தொழிலாளி அல்ஜீரியாவைச் சேர்ந்தவர். எச்சரிக்கைகள் ஆங்கிலத்திலும் துருக்கியிலும் எழுதப்பட்டிருந்தன; அவர் வேறு பாஷைகள் அறிந்தவராயினும் இவ்விரண்டையும் படிக்கத் தெரியாதவர். கம்பெனித் தரப்பார் கூசாமல் பழியை அவர் மீது சுமத்தப் பார்த்தார்கள். குறையுள்ள கதவைச் செய்தவரும், பொய் முத்திரை குத்தியவரும், குறிப்பை மடித்து வைத்தவரும் இருக்க, மூட்டை தூக்குகிற ஏழைதானா குற்றவாளி?

346 உயிர்கள் போன பிறகு சட்டம் விழித்தது. கதவைப் பற்றி உத்தரவு பிறந்தது. 1975-ல் பெரிய விமானங்களின் தளங்களைப் பலப்படுத்தவும் காற்றுவழி வைக்கவும் கட்டளையாயிற்று. பெரிய விமானங்களில், எந்த அறையில் 20 சதுர அடி வரை துவாரம் விழுந்தாலும் உடல் தாங்க வேண்டும் என்பது இன்று அமெரிக்க விதிகளில் உள்ள கணக்கு. இன்று பல விமானங்களில் பக்கச் சுவரின் அடியில் காணப்படும் தட்டிகள் வெறும் அலங்காரமல்ல. அவை ஆபத்தில் திறந்து காற்றுக்கு வழி விடுபவை.

எனினும் பழைய நோய் அடியோடு போய்விடவில்லை. 2024 ஜனவரி 5-ந் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய போயிங் 737 மாக்ஸ் 9 விமானத்தில், சுமார் 16,000 அடி உயரத்தில், கதவுக்குப் பதிலாக வைத்து அடைத்திருந்த பலகை பறந்தது. அதைப் பிடிக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் இல்லை. 1972-ல் செய்யாத வேலைக்கு முத்திரை இருந்தது. இங்கே பலகையைக் கழற்றிய வேலைக்குத் தஸ்தாவேஜே இல்லை. விமானிகள் அறையின் கதவும் படீரென்று திறந்துகொண்டது. அழுத்தம் சமமாவதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தார்கள். அமைத்தவர்கள் அதை விமானிகளுக்குச் சொல்லவில்லை! தெய்வாதீனமாக 177 பேரும் உயிருடன் திரும்பினர்.

இனி நம் தேசத்தின் விஷயம். அமெரிக்கா 1974-ல் தனிச் சட்டம் செய்து, அடுத்த வருஷம் விபத்து விசாரணை போர்டைப் போக்குவரத்து இலாகாவிலிருந்து முற்றிலும் பிரித்தது. போர்டு யோசனை கூறினால் இலாகா 90 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கூறக் கடமைப்பட்டது. டெலிபோனில் பேசி முடித்துக்கொள்வது அங்கே எளிதன்று. இந்தியாவிலோ, 2012-ல் ஏற்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம், விமானங்களைக் கட்டுப்படுத்தும் அதே அமைச்சின் கீழேயே இருக்கிறது. விசாரிப்பவரும் விசாரிக்கப்பட வேண்டியவரும் ஒரே மந்திரியிடம் கைகட்டி நிற்கிறார்கள். 1934-ம் வருஷத்து அந்நிய ஆட்சிச் சட்டத்தை நீக்கி 2024-ல் பாராளுமன்றம் புதுச் சட்டம் செய்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. பணியகத்தை அமைச்சிலிருந்து பிரித்து, அதன் ஒவ்வொரு யோசனைக்கும் குறித்த கெடுவுக்குள் காரணங்களுடன் பதில் எழுதிப் பிரசுரிக்கும்படி விமானத் துறை அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தும் திருத்த மசோதா ஒன்றை நமது அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவர வேண்டும்.