வெயில் மயக்கமா, பரம்பரை இருதய நோயா?



வளைகுடாவில் கோடை காலத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் நாம் சொல்லும் முதல் வார்த்தை "வெயில்" என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் எல்லா மயக்கமும் வெயில் மயக்கம் அல்ல. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு நோயாளி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். திருச்சிப் பக்கத்தவர். கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) "சைட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன் டாக்டர், கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. வெயில்தான்" என்றார். நானும் அப்படியே நினைத்து, உப்புக்கரைசல் குடிக்கச் சொல்லி, இரண்டு நாள் ஓய்வு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாடித்துடிப்பு 48 என்று என் கையாலேயே குறித்திருந்தேன். உடலில் நீர் குறைந்து மயங்குபவரின் நாடி வழக்கமாக வேகமாக ஓடும். இவருடையது மெதுவாக இருந்தது. அன்று நான் அதை யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தார். இம்முறை மயங்கியது ஏசி அறையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முழங்கைகளும் முழுதாக நீளவில்லை. "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர்" என்றார். மேற்கைத் தசைகள் மெலிந்திருந்தன. நடக்கும்போது குதிக்கால் தரையில் சரியாகப் படவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தால், இருதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் இறங்கத் தாமதமானது தெரிந்தது. வீட்டில் யாருக்காவது இருதய வருத்தம் உண்டா என்று கேட்டேன். "எங்க தாய்மாமா ஒருத்தர் சவூதியில 34 வயசுல தூக்கத்துலேயே போயிட்டாரு. மாரடைப்புன்னு சொன்னாங்க" என்றார்.

அது மாரடைப்பாக இருந்திருக்காது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

இது என்ன நோய்?

இந்த இளைஞருக்கு இருந்தது எமரி-டிரைஃபஸ் தசைநலிவு நோய். அலன் எமரி, ஃபிரிட்ஸ் டிரைஃபஸ் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு குடும்பத்தைப் பரிசோதித்து 1966இல் இதை விவரித்தார்கள். அரிதான நோய்தான். ஆனால் ஒருவருக்கு இருந்தால் அவருடைய உறவினர் சிலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் ஒருவரைக் கண்டுபிடிப்பது பலரைக் காப்பாற்றும்.

இதற்கு மூன்று அடையாளங்கள். முழங்கை, குதிக்கால், கழுத்து ஆகியவை சிறு வயதிலேயே இறுகுவது முதலாவது. மேற்கையிலும் கெண்டைக்காலிலும் தசை மெதுவாக மெலிவது இரண்டாவது. இருதயத்தின் மின்னோட்டம் தடைப்படுவது மூன்றாவது. முதல் இரண்டும் தொந்தரவு தருபவை. உயிரை எடுப்பது மூன்றாவதுதான்.

தவறு எங்கே இருக்கிறது?

நமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. இலங்கையில் நாங்கள் கலம் என்று படித்ததைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் செல் என்று படிக்கிறார்கள். பெரும்பாலான கலங்களுக்குள் உட்கரு என்ற உருண்டை உண்டு. நம் மரபணுக்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வாலான ஓர் உறை இருக்கிறது.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சிமெந்துத் தண்ணீர்த் தொட்டியின் மெல்லிய சுவர் உடையாமல் நிற்பது உள்ளே வைத்த கம்பி வலையால். உட்கரு உறையின் உட்பக்கத்திலும் அப்படி ஒரு வலை உண்டு. அந்த வலையின் இழைகள்தான் லாமின் என்ற புரதங்கள். உறையில் பதிந்து லாமினுடன் கைகோர்த்து நிற்கும் இன்னொரு புரதம் எமெரின். எமெரினுக்கான மரபணு 1994இலும், அதே நோயை உண்டாக்கக்கூடிய லாமின் மரபணு மாற்றங்கள் 1999இலும் கண்டுபிடிக்கப்பட்டன. நமது பக்கத்தில் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தில் வீணா பர்னைக் என்ற விஞ்ஞானி லாமின் புரதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்.

"எல்லாக் கலத்திலும் இந்த உறை இருக்கிறதே, ஏன் இருதயமும் தசையும் மட்டும் கெட வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகள் இரண்டு விளக்கம் தருகிறார்கள். ஒன்று, இழுவிசை. இருதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிறது. அத்தனை தடவையும் உட்கரு இழுபடுகிறது. வலை பலவீனமானால் உட்கருவும் சேதமடையும். இரண்டு, ஒழுங்கு. எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது ஓய்ந்திருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்த வலைக்கும் பங்குண்டு. வலை கெட்டால் அந்த ஒழுங்கும் குழம்பும். காலப்போக்கில் நல்ல தசை இருந்த இடத்தில் தழும்பு உண்டாகி, மின்பாதை அறுகிறது.

லாமின் மாற்றம் சிலருக்குக் கைகால் தசையைத் தொடாமல் இருதயத்தை மட்டும் தாக்கும். இருதயம் வீங்கிப் பலவீனமாகும். குடும்ப வழியாக வரும் இத்தகைய இருதய வீக்கத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்கு லாமின் மாற்றமே காரணம்.

எப்படிப் பரம்பரையாக வருகிறது?

எமெரின் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆகவே நோய் தாய் வழியாக ஆண்களுக்கு வரும். மாற்றத்தைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நோய் என்றால் இந்த வழியைச் சந்தேகிக்க வேண்டும். நோயுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு இது வராது, ஆனால் மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். சுமக்கும் பெண்களுக்குத் தசை மெலிவு பொதுவாக இராது. ஆனாலும் சிலருக்கு இருதயத் துடிப்பில் கோளாறு வரக்கூடும். எனவே அவர்களும் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும்.

லாமின் மாற்றம் பெரும்பாலும் வேறு விதம். தாய், தந்தை யாரிடமிருந்தும் வரலாம், ஆண், பெண் யாருக்கும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில வேளைகளில் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும்.

"சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது" என்று நம்மவர் உடனே சொல்வார்கள். தலசீமியா போன்ற நோய்களில் நெருங்கிய உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. இங்கு நான் சொன்ன இரண்டு வழிகளுக்கும் அது தேவையே இல்லை. அந்நியத்தில் கட்டினாலும் வரும். ஆகவே தாயைக் குற்றம் சொல்வதும், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சை நிறுத்துவதும் அறியாமை. மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துப் பெறுவதில்லை.

இங்கே செய்யும் பரிசோதனைகளில் தெரியாதா?

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை முக்கியமாகத் தொற்றுநோய்களைத் தேடுவது. அதில் "ஃபிட்" என்று வந்தால் இருதயமும் சரி என்று பொருளல்ல. அமீரகக் குடிமக்களுக்குத் திருமணத்துக்கு முன் மரபணுப் பரிசோதனை 2025 ஜனவரி முதல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. நாம் குடிமக்கள் அல்லர். நம் குடும்பத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுங்கள்:

1. வெயில், பட்டினி, பயம் போன்ற காரணம் இல்லாமல் மயக்கம். உட்கார்ந்திருக்கும்போதோ ஓடும்போதோ வந்தால் இன்னும் கவனம் தேவை.
2. விளையாட்டு வீரர் அல்லாதவருக்கு நாடித்துடிப்பு 50க்குக் கீழே, அல்லது ஒழுங்கற்ற துடிப்பு.
3. பிள்ளை முழங்கையை நீட்ட முடியாமல் இருப்பது, நுனிக்காலில் நடப்பது.
4. குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீர் மரணம், இளவயதில் பேஸ்மேக்கர், காரணம் தெரியாத இருதய வீக்கம்.

மயங்கியவர் நினைவு திரும்பாமலோ மூச்சு இல்லாமலோ கிடந்தால் காத்திருக்க வேண்டாம். அமீரகத்தில் ஆம்புலன்சுக்கு 998.

சிகிச்சை உண்டா?

நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் சாவைத் தடுக்க வழி உண்டு. மின்பாதை தடைப்பட்டவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தலாம். லாமின் மாற்றம் உள்ளவருக்குப் பேஸ்மேக்கர் மட்டும் போதாமல் போகலாம். ஆபத்தான வேகத் துடிப்பு வந்தால் அதிர்வு கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவி தேவைப்படலாம். ஆகவே எந்த மரபணு என்று தெரிந்துகொள்வது வெறும் அறிவுக்காக அல்ல. எந்தக் கருவி என்பதையே அது மாற்றும். துடிப்பு ஒழுங்கற்றவருக்குப் பக்கவாதம் வராமல் குருதி உறையாமைக்கான மருந்தும், இறுகும் மூட்டுகளுக்குப் பிசியோதெரபியும் உண்டு. எந்த அறுவைச் சிகிச்சையானாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்பே சொல்லவேண்டும். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களிலும் ஆலோசனை பெறலாம்.

அந்த இளைஞருக்கு எமெரின் மாற்றம் என்று உறுதியானது. பேஸ்மேக்கர் வைத்தபின் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஷார்ஜாவில் இருந்த அவருடைய அக்காவின் இரண்டு மகன்களையும் சோதித்தார்கள். மூத்தவனுக்கு மாற்றம் இருக்கிறது, இளையவனுக்கு இல்லை. மூத்தவன் இப்போது ஓடியாடித் திரிகிறான். ஆண்டுதோறும் இருதயப் பரிசோதனைக்குப் போகிறான். அவனுடைய அம்மாவின் தாய்மாமனுக்குக் கிடைக்காத எச்சரிக்கை அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

1995 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது அம்மா பையில் எடுத்து வைத்தது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும்தான். என் அம்மப்பா எதனால் இறந்தார் என்று என்னிடம் வைத்தியர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வார விடுமுறையில் ஊருக்குப் பேசும்போது பெரியவர்களிடம் கேளுங்கள். யார் இளவயதில் போனார்கள், எத்தனை வயதில், எப்படி? யாருக்குக் கை நீளாமல் இருந்தது? தாய் வழி, தந்தை வழி இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைத்திருக்கும் இடத்திலேயே வையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.

இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் சிகிச்சை பற்றி உங்கள் வைத்தியரிடம் கலந்து பேசுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். நலமுடன் இருங்கள்.